தண்ணீரில் மிதக்கிற படகுக்கு எர்த் எதற்கு?

"இன்னா சார், தண்ணியிலயே கெடக்குற போட்டுக்கு எர்த்து இன்னாத்துக்கு?"

காசிமேட்டுப் பக்கம் இந்தக் கேள்வியைப் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். கேட்பவர் சிரித்துக்கொண்டே கேட்பார். பக்கத்தில் நிற்பவர்களும் சிரிப்பார்கள். பென்ஷன் வாங்குகிற கிழவனுக்கு இது எதற்கு என்பதும் அந்தச் சிரிப்பில் அடக்கம். அந்தச் சிரிப்பு தப்பு, ஆபத்தான தப்பு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

நான் எலெக்ட்ரீஷியன் அல்ல. அரசாங்கத்தில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன். ஆனாலும் ஓய்வுக்குப் பிறகு ஒரு மல்டிமீட்டர் வாங்கி, தெரிந்தவர்களிடம் பாடம் கேட்டு, இந்த விஷயத்தைக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நடுக்கடலில் இருக்கும்போது படகில் பெரும்பாலும் ஓடுவது பேட்டரி கரண்ட், 12 அல்லது 24 வோல்ட். அது ஆளைக் கொல்வது அபூர்வம். படகைக் கரையில் கட்டி, கரையிலிருந்து ஒயர் இழுத்து, 230 வோல்ட் ஏ.சி. மின்சாரத்தை உள்ளே விட்ட பிறகுதான் ஆபத்து ஏறுகிறது. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். லாஞ்சுகளுக்கு இஞ்சின் பிரிப்பது, பலகை மாற்றுவது, வெல்டிங், கிரைண்டிங், பெயின்ட் எல்லாம் அப்போதுதான். கடல் ஓய்ந்திருக்கிற காலத்தில் கரையிலே ஒயர்கள் பாம்பாகக் கிடக்கின்றன. அந்த ஒயரின் முனையில், நனைந்த இரும்புத் தளத்தில், வெறுங்காலோடு நிற்பது யார்? படகு முதலாளி அல்ல. தினக்கூலிக்கு வந்த பதினெட்டு, இருபது வயதுப் பையன்.

இது மீன்பிடிப் படகுக்கு மட்டும் பொருந்துகிற பேச்சல்ல. நம் துறைமுகத்துக்குள்ளேயே 1911-லிருந்து ஒரு யாட் கிளப் இருக்கிறது. முட்டுக்காட்டில் உல்லாசப் படகுகள் இருக்கின்றன. ஆலப்புழை போனால் குளிர்சாதனம் வைத்த படகு வீடுகளே இருக்கின்றன. பணக்காரப் படகு, ஏழைப் படகு என்கிற பேதம் மனுஷனுக்குத்தான். மின்சாரத்துக்குக் கிடையாது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். வண்டி நின்றுபோனாலும் கரண்ட் போனாலும் பிரெஞ்சுக்காரர்கள் 'பான்' என்பார்கள். அது கப்பல்காரர்களின் பழைய சொல். பாய்களைத் திருப்பி வைத்து, காற்றிருந்தும் கப்பலை நகராமல் நிறுத்துவதற்குப் பெயர் 'பான்'. காற்று இல்லாமல் நிற்பதல்ல, இருக்கிற காற்று வேலை செய்யாதபடி நிற்பது. படகில் வருகிற மின்கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் வழியில் எங்கோ ஒரு கோணல்.

எர்த்துக்கும் அவர்களிடம் ஒரு பெயர் உண்டு: 'மீஸ் ஆ லா தேர்', அதாவது மண்ணோடு சேர்ப்பது. பிரெஞ்சானாலும் இங்கிலீஷானாலும் இந்த 'மண்' என்ற சொல்தான் நம்மவர்களை ஏமாற்றுகிறது. மண்ணுக்குப் பதிலாகத் தண்ணீர் இருக்கிறதே, அப்புறம் என்ன என்று நினைத்துவிடுகிறார்கள்.

எர்த் ஒயரின் வேலை கரண்டை மண்ணில் கொட்டுவதல்ல. கிரைண்டரின் உள்ளே ஒயர் நைந்து அதன் உடம்பில் கரண்ட் ஏறிவிட்டால், அந்தக் கரண்டுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வரை தடையில்லாத ராஜபாட்டை ஒன்று போட்டுக் கொடுப்பது. பாட்டை நன்றாக இருந்தால் கரண்ட் வெள்ளமாகப் பாயும், ஃபியூஸ் உடனே போகும், ஆள் பிழைப்பான். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வழி முழுக்க அரை ஓம் தடை என்றால் 230 வோல்ட்டில் 460 ஆம்பியர் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. கண்ணிமைக்குமுன் விழும். அதே கரண்ட் ஈரப் பலகை, பெயின்ட் அடித்த இரும்பு, கடல் தண்ணீர், வார்ஃப் கல் என்று சுற்றிக்கொண்டு போய், வழியின் தடை 20 ஓம் ஆகிவிட்டால்? ஓடுவது 11.5 ஆம்பியர். எம்.சி.பி. அசையாது. கிரைண்டரின் உடம்பில் கரண்ட் அப்படியே நிற்கும், தொடுகிற கைக்காகக் காத்துக்கொண்டு. நனைந்த மனித உடம்பின் தடை சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால் 230 மில்லி ஆம்பியர் அதன் வழியே போகும். அதில் பாதிகூட வேண்டாம், நெஞ்சை நிறுத்திவிட. மரப் படகிலும் ஃபைபர் படகிலும் அந்தச் சுற்றுவழிகூடக் கிடையாது. ஆகவே தண்ணீர் எர்த் ஆகாது. எர்த் முள்ளை வெட்டி எறிந்தவன் உயிர் காக்கிற வழியை வெட்டி எறிந்தவன்.

இரண்டாவது மூடநம்பிக்கை: "வோல்டேஜ் சரியில்ல." மோட்டார் சூடானால் வோல்டேஜ், பம்பு இழுக்காவிட்டால் வோல்டேஜ், சார்ஜர் செத்தால் வோல்டேஜ். அளந்து பார்த்தீர்களா என்று கேட்டால் பதில் இல்லை. அளக்காமலே ஸ்டெபிலைசர் வாங்குகிறார்கள், மோட்டாரைக் காயில் கட்டக் கொடுக்கிறார்கள்.

என் உத்தியோகத்தில் ஒரு பாடம் கற்றேன். கோப்பு வரவில்லை என்றால் பெரிய அதிகாரியிடம் போய்க் கத்திப் பிரயோஜனமில்லை. தபால் பிரிவில் தொடங்கி, மேசை மேசையாக நடந்து, எந்த மேசையில் தூங்குகிறது என்று பார்க்க வேண்டும். மின்கோளாறுக்கும் அதே நடைதான்.

முதல் மேசை வார்ஃபில் உள்ள பிளக் பாயின்ட். அங்கே ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே அளக்க வேண்டும். லோடு இல்லாமல் ஒரு தடவை, லோடு ஓடும்போது ஒரு தடவை. லோடு ஏறியதும் அங்கேயே வோல்டேஜ் விழுந்தால் குற்றம் கரையில். விழாவிட்டால் இரண்டாவது மேசை, ஒயர் படகுக்குள் நுழைகிற முனை. அங்கே விழுந்திருந்தால் குற்றம் நீங்கள் இழுத்த ஒயரில். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை 50 மீட்டர் இழுத்தால், போக வர 100 மீட்டருக்குத் தடை சுமார் 1.2 ஓம். 10 ஆம்பியர் இழுத்தாலே 12 வோல்ட் வழியில் காணாமல் போகும். 15 என்றால் 18 வோல்ட். கரையில் 230 இருந்தும் படகில் 212. இதற்கு மின்வாரியம் என்ன செய்யும்?

இன்னும் கேளுங்கள். ஒயரை முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டில் உப்புக் காற்று பட்டுப் பச்சை பூத்து, அந்த இடத்தில் ஒரே ஒரு ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 ஆம்பியர் ஓடும்போது அங்கே 100 வாட் சூடு. அந்தக் காலத்து நூறு வாட் குண்டு பல்பைத் துணியில் சுற்றி, டீசல் வாசனையடிக்கிற இஞ்சின் அறையில் தொங்கவிட்டதற்குச் சமம். மெயினை அணைத்துவிட்டு ஜாயின்ட்டுகளைப் பிரித்துப் பார்த்தால் கருகிய இடம் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது மேசை, படகின் சுவிட்ச் போர்டு. அங்கேதான் அந்த இரண்டு ரூபாய் ஞானம் தலைகாட்டும்: "டெஸ்டர் எரியுதே சார், கரண்ட் கீது." டெஸ்டர் எரிந்தும் விளக்கு எரியவில்லை என்றால் நியூட்ரல் அறுந்திருக்கலாம். டெஸ்டர் அதைச் சொல்லாது. மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் அறுந்தால் சில பாயின்ட்டுகளில் 400 வோல்ட் பக்கம்கூட ஏறிவிடும். சார்ஜர்கள் கும்பலாகச் சாவது இதனால்தான். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 இருக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் கூடாது. எண் நிலையில்லாமல் ஆடினால் எர்த் எங்கோ அறுந்திருக்கிறது. இதையெல்லாம் தெரிந்தவரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஈரத்தில் நின்று நீங்களே அளக்காதீர்கள்.

மூன்றாவது மூடநம்பிக்கை எல்லாவற்றிலும் கொடுமையானது: "ட்ரிப் ஆயிட்டே இருக்குது, பைபாஸ் பண்ணு." ஆர்.சி.சி.பி. என்பது போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமா என்று பார்க்கிற கணக்குப்பிள்ளை. 30 மில்லி ஆம்பியர் கணக்கில் உதைத்தால் நொடியின் ஒரு பகுதிக்குள் மூடிவிடும். அந்த வித்தியாசம் யாருடைய உடம்பு வழியாகவும் போயிருக்கலாம். கணக்கு உதைக்கிறது என்று சொன்ன கணக்குப்பிள்ளையை வேலையைவிட்டு நீக்குகிறோமே, இது என்ன நியாயம்? செய்ய வேண்டியது ஒன்றுதான். எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ஒவ்வொன்றாகச் சொருகிப் பாருங்கள். எதைச் சொருகியதும் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் விழுந்தால், ஒயரிங்கில் ஈரம், அல்லது படகில் நியூட்ரலையும் எர்த்தையும் யாரோ ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். கரை மின்சாரத்தில் ஓடும்போது அந்த முடிச்சு கரையில் இருக்க வேண்டும், படகில் கூடாது. ஜெனரேட்டரில் ஓடும்போது ஜெனரேட்டரில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் சேராதபடி சேஞ்ச் ஓவர் சுவிட்ச் கட்டாயம். இல்லாவிட்டால் உங்கள் ஜெனரேட்டர் கரண்ட் கரைக்குப் பாய்ந்து, லைன் நின்றுவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவரைப் பிடிக்கும்.

எதிர்க்கட்சிக்கு ஒரு நல்ல வாதம் உண்டு. அதை மறைக்க மாட்டேன். "எர்த் குடுத்தா அடியில இரும்பு அரிக்குது, ப்ரொப்பெல்லர் போவுது." இது உண்மைதான். எர்த் ஒயர் வழியாக உங்கள் படகும் பக்கத்துப் படகும் வார்ஃபின் இரும்பும் ஒரே பேட்டரி மாதிரி இணைந்துவிடுகின்றன. உப்புத் தண்ணீர் அந்த பேட்டரியின் ஆசிட். பல்லுப் போன ப்ரொப்பெல்லர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கு மருந்து எர்த்தை வெட்டுவதல்ல. கரைக்கும் படகுக்கும் நடுவே ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். அதைவிடச் சின்னதாக, அரிக்கிற சிறு கரண்டை மட்டும் தடுத்துக் கோளாறுக் கரண்டை விட்டுவிடுகிற கேல்வானிக் ஐசொலேட்டர் வைக்கலாம். ஜிங்க் கட்டிகளை நேரத்தில் மாற்றலாம். ப்ரொப்பெல்லர் போனால் வேறு வாங்கலாம். அந்தப் பையனுக்குப் பதில் எங்கே போய் வாங்குவது?

கரையில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டும். எண்ணூர் அனல் மின்நிலையம் 1970 முதல் 2017 வரை நம் பக்கத்தில் புகைந்தது. அத்திப்பட்டில் இன்னொன்று இன்றும் ஓடுகிறது. சாம்பலைக் கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் வாங்கிக்கொண்டவர்கள் நாம். விளக்கு ஊருக்கெல்லாம் எரிகிறது. அந்த மக்கள் படகு கட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் மூடியோடு கூடிய ஒழுங்கான பிளக் பாயின்ட், அதற்கென்று தனி ஆர்.சி.சி.பி., வருடம் ஒருமுறை தடைக்காலத்துக்கு முன்பு அளந்து எழுதி வைத்த எர்த், இந்த மூன்றைக் கேட்பது பேராசையா? 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 161-ஆவது பிரிவின்படி மின்விபத்து நடந்தால் அறிவிக்க வேண்டும், விசாரணையும் நடத்தலாம். விபத்துக்குப் பின் போடுகிற கோப்பு எத்தனை தடித்ததாக இருந்தாலும் அதனால் ஓர் உயிரும் திரும்பியதில்லை. விபத்துக்கு முன்னால் ஒரு பக்கக் குறிப்பு எழுதினால் போதும்.

என் வயதுக்காரர்களே, உங்களில் பலருக்குப் படகு வைத்திருக்கிற மருமகனோ, படகில் வேலைக்குப் போகிற பேரனோ இருப்பார்கள். அடுத்த ஏப்ரல் வருவதற்குள் அவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எர்த் முள் இருக்கிறதா? ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறதா? ஒயரில் எத்தனை டேப் ஜாயின்ட்? பதில் சொல்லாமல் சிரித்தால் விடாதீர்கள். பெரியவர்கள் நச்சரிப்பதற்கு உரிமை உள்ளவர்கள். அந்த உரிமையை இதற்கும் கொஞ்சம் செலவழியுங்கள்.