வரி வாங்கினால் சூது சுத்தமாகிவிடுமா?



கென்யா நமக்குத் தூர தேசம்தான். ஆனால் ரயில்வேயில் கணக்கு எழுதும் என் போன்றவனுக்கு அது முற்றிலும் அந்நியமல்ல. 1896 முதல் 1901 வரை மொம்பாசா துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குத் தண்டவாளம் போட, வெள்ளையர் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியக் கூலிகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். அந்த நாட்டில் இன்று உழைப்பாளியின் கூலி எப்படிக் கரைகிறது என்று கேளுங்கள்.

2007இல் அங்கே எம்-பெசா என்னும் கைபேசிப் பணம் வந்தது. பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்தவன் ஊருக்குப் பணம் அனுப்ப எவ்வளவு பெரிய வசதி! நம்மைப் போன்றவர்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஆனால் அதே வழியில் பந்தயக் கம்பெனிகளும் நுழைந்தன. இனி கிளப்புக்குப் போக வேண்டாம். வேலைத்தளத்தில் நின்றபடியே ஐரோப்பியக் கால்பந்து ஆட்டத்தின் மீது பணம் கட்டலாம். தாய்க்கு அனுப்பும் பணமும் சூதுக்குப் போகும் பணமும் ஒரே கைபேசியில்! இதைக் கட்டுப்படுத்த அந்நாட்டில் இருந்த சட்டமோ, கைபேசியே இல்லாத 1966இல் எழுதியது.

அரசு என்ன செய்தது? வரி போட்டது. நான் கணக்கன், கணக்கையே சொல்கிறேன்.

2017இல் பந்தயக் கம்பெனிகளின் வருமானத்துக்கு 35 சதவீத வரி என்று சட்டம் செய்தார்கள். 2018 ஜனவரியில் அது அமலுக்கு வந்ததும், ஸ்போர்ட்பெசா என்ற பெரிய கம்பெனி உள்ளூர் விளையாட்டுக் குழுக்களுக்குக் கொடுத்துவந்த பணத்தை நிறுத்தியது. அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி 35ஐ 15 ஆக்கினார்கள்! கூடவே, ஜெயித்தவன் பணத்தில் 20 சதவீதம் பிடித்தம். 2019இல் பந்தயம் கட்டும் தொகையின் மீதே 20 சதவீதம். 2020இல் அது ரத்து. 2021இல் மறுபடியும் 7.5. 2023இல் 12.5. 2024 டிசம்பரில் 15. 2025 ஜூலையில் அதையும் மாற்றி, பந்தயக் கணக்கில் போடும் பணத்துக்கு 5, எடுக்கும் பணத்துக்கு 5.

இது கொள்கையா, ஊஞ்சலா? கம்பெனியின் தோளிலிருந்து இறக்கிய மூட்டை யார் தலையில் ஏறியது என்று பார்த்தீர்களா?

"வரி கூடினால் சூது குறையுமே, அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டலாமே" என்பார்கள் படித்தவர்கள். பீடி விலை ஏறினால் வாங்குபவன் யோசிப்பான். சூதாடுகிறவன் விலையைப் பார்ப்பதில்லை, பரிசைப் பார்க்கிறான்; விட்டதைப் பிடிக்க மறுபடியும் கட்டுகிறான். தோற்பவன் பெருகினால்தான் கஜானா நிரம்பும் என்றால், தோல்வியைக் குறைக்க எந்தக் கஜானாக்காரன் முன்வருவான்?

இந்த நியாயம் நமக்குப் புதிதல்ல. 1968இல் தமிழ்நாட்டில் அரசே லாட்டரி தொடங்கியபோது, "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்றார்கள். 2003இல் தடை வந்தது. அதற்குள் என் தகப்பனாரின் எத்தனையோ சம்பளம் நாட்டுக்குப் போய்விட்டது. அரிசிப்பானையைச் சுரண்டிய என் தாய்க்கு நாடு அதைத் திருப்பித் தரவில்லை.

வரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதலில் கட்டுப்பாடு, பிறகு வரி என்கிறேன். ஒருவன் ஒரு நாளில் இவ்வளவுக்கு மேல் கட்ட முடியாதபடி வரம்பு வேண்டும். கடன் வாங்கிக் கட்டும் வழியை அடைக்க வேண்டும். விளம்பரத்தை ஒடுக்க வேண்டும். வரியைக் கம்பெனியின் லாபத்தில் பிடிக்க வேண்டும். முடியாத காரியமா? 2025 ஏப்ரலில் கென்ய அரசு சூதாட்ட விளம்பரங்களை 30 நாள் நிறுத்தி வைத்ததே! அதே ஆண்டு ஆகஸ்டில் பழைய சட்டத்தை நீக்கிப் புதுச் சட்டமும் புது ஆணையமும் கொண்டுவந்தது. அந்த ஆணையம் உழைப்பாளியின் பையைக் காக்குமா, கஜானாவுக்குத் தண்டல்காரனாகுமா என்பதே கேள்வி.

நம் நாட்டிலும் 2023 அக்டோபரில் இணையச் சூதுக்கு 28 சதவீத வரி போட்டார்கள். இரண்டே ஆண்டுக்குள், 2025 ஆகஸ்டில், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களுக்குத் தடைச் சட்டம் செய்தார்கள். இடையில் இழந்த குடும்பங்களுக்கு யார் பதில் சொல்வது?

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். கென்யாவின் கணக்கை அவர்களே கூட்டிப் பார்க்கட்டும்.