தெளிந்த நீரெல்லாம் தூய நீரல்ல

2006 ஆகஸ்டில் மூதூரிலிருந்து கந்தளாய் முகாம்களுக்கு ஓடியவர்களில் என் உம்மாவும் ஒருவர். பௌசரில் தண்ணீர் வந்தது. ஆனாலும் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் நிற்கவில்லை என்பார்.

ஏன்? மூடாத வாளிக்குள் பல கைகள் பேணியை அமிழ்த்தினால், குளோரின் இட்ட நீரும் அதன் வீரியம் தீர்ந்து மாசடைந்துவிடும். பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். குடிநீரில் 100 மில்லிலீற்றருக்கு ஓர் ஈ.கோலை பக்டீரியாகூட இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். அது மலம் கலந்ததற்கான அடையாளம்.

சுனாமியும் போரும் கண்ட நமது மாவட்டத்துக்கு வெள்ளம் இன்னும் வருகிறது. நிவாரணத்துக்கு அரிசியும் உடுப்பும் சேர்க்கிறோம். மூடியும் குழாயும் உள்ள நீர்க்கலன், குளோரின் வில்லை, சவர்க்காரம் ஆகியவற்றையும் சேர்ப்போம். தூய்மையை ஈமானோடு சேர்த்துப் பேசும் நாம், அகதிப் பிள்ளையின் பேணியை மறக்கலாமா?