கோஹாவுக்கு மாறுவோம், ஆளையும் நியமிப்போம்

நூலகங்கள் திறமூல மென்பொருளுக்கு மாற வேண்டும் என்பதே எங்கள் நூலகர் சங்கத்தின் நிலைப்பாடு. ஆனால் ஆளும் பணமும் ஒதுக்காமல் மாறச் சொல்லும் உத்தரவு எதையும் நாங்கள் ஏற்கவில்லை.

கோஹா என்ற திறமூல நூலக மென்பொருளை உலகுக்குத் தந்தது நியூசிலாந்தின் ஹொரொவெனுவா நூலக அறக்கட்டளை. தன் பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்ததும், அது காசு கொடுத்துப் புதியதை எழுதச் செய்து எல்லோருக்கும் பொதுவாக விட்டது. 2000 ஜனவரியில் கோஹா பயன்பாட்டுக்கு வந்தது. உரிமக் கட்டணம் இல்லை என்றதும் செலவே இல்லை என்று கணக்குப் போடும் நிர்வாகங்கள் இந்தப் பிறப்புக் கதையையாவது படிக்க வேண்டும்.

பல கல்லூரிகளில் தர மதிப்பீட்டுக்கான நாக் (NAAC) குழு வரும் ஆண்டில்தான் கோஹா நினைவுக்கு வருகிறது. கணினித் துறையின் தற்காலிக ஆசிரியர் ஒருவர் அவசரமாக நிறுவித் தருகிறார். அவர் வேறு வேலைக்குப் போனால் சர்வரின் கடவுச்சொல்லும் கூடவே போகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு வெளிவந்தாலும் நூலகத்தில் ஓடுவது நிறுவிய அன்றைய பதிப்புதான். காப்பு நகலும் அதே கணினியில் கிடக்கிறது. வன்தட்டு பழுதான மறுநாள் புத்தக வழங்கல் பேரேட்டுக்குத் திரும்புகிறது. பழி மென்பொருள்மேல் விழுகிறது.

தமிழ் நூல்களின் பதிவுகள் இதைவிடக் கடினம். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டியவை கோஹாவுக்குள் வந்ததும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அவற்றை மாற்றும் நிரல்கள் உண்டு. மாற்றியதைத் தலைப்பு தலைப்பாகச் சரிபார்ப்பது மனிதர்தான். யூனிகோடிலும் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஒரே முறைக்குக் கொண்டுவராவிட்டால் தேடலில் ஒன்று அகப்பட்டு மற்றது விடுபடக்கூடும். கோஹாவின் ஸீப்ரா தேடுபொறியைத் தமிழுக்கு ஏற்ப, யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியூ (ICU) முறையில் அமைக்க வேண்டும் என்பதும் அவசர நிறுவலில் விட்டுப்போகும். புதுமைப்பித்தனும் சொ. விருத்தாசலமும் ஒருவரே என்று எந்த மென்பொருளும் தானாக அறியாது. அந்த இணைப்பை நூலகர்தான் போட வேண்டும். அதற்கான நேரத்தை நிர்வாகம் வேலையாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கோருகிறோம்.

ஒவ்வொரு நூலகமும் தனித்தனியாகச் சர்வர் வைத்துத் தடுமாற வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் தன் பொது நூலகங்களுக்காக எவர்கிரீன் மென்பொருளை உருவாக்கி 2006இல் நடைமுறைப்படுத்தியது. 200க்கும் மேற்பட்ட நூலகங்கள் ஒரே அமைப்பில் இயங்கின. இங்கும் மாவட்ட அளவில் நூலகங்கள் சேர்ந்து ஒரு சர்வர் வைக்கலாம். அதற்கு இரண்டு நிரந்தரத் தொழில்நுட்பப் பணியிடங்கள் வேண்டும். ஒன்று போதாது; அந்த ஒருவர் மாறினால் கடவுச்சொல் கதை மறுபடி தொடங்கிவிடும். உரிமக் கட்டணத்தில் மிஞ்சும் தொகை ஆண்டுதோறும் இந்தச் சம்பளத்துக்கே போக வேண்டும்; கல்லூரியின் பொதுக் கணக்கில் கரையக் கூடாது.

இந்த ஏற்பாடு அமையும்வரை, இப்போதுள்ள வணிக மென்பொருளிலேயே தொடர்வதில் தவறில்லை. ஆனால் உங்கள் பதிவுகள் முழுவதையும் மார்க் 21 (MARC 21) என்ற பொது நூற்பதிவு வடிவில் தருமாறு நிறுவனத்திடம் இந்த ஆண்டே எழுதிக் கேளுங்கள். வந்த கோப்பில் ஐம்பது பதிவுகளையாவது திறந்து பாருங்கள். ஆசிரியர், பதிப்பு, பொருள்தலைப்பு ஆகியவை தனித்தனிப் புலங்களில் இல்லையென்றால், அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அதைச் சரிசெய்து வாங்குங்கள்.