காலடி இடைவெளிக்குப் பொறுப்பு யார்?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால் என்று விரிந்து கிடக்கும் தொழில் வட்டாரத்தில் கார், லாரி, மோட்டார் சைக்கிள், கைபேசி எல்லாம் உற்பத்தியாகின்றன. ஆனால் ஸ்ரீபெரும்புதூருக்கென்று ஒரு ரயில் நிலையம் இன்னும் இல்லை. கம்பெனி பஸ் கிடைக்காதவர்கள் சிங்கப்பெருமாள் கோயிலிலோ திருவள்ளூரிலோ மின்சார ரயிலை விட்டு இறங்கி, அங்கிருந்து பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்துத்தான் வேலைக்கு வருகிறார்கள்.

இந்நிலை மாறும் என்ற நம்பிக்கை இப்போது பிறந்திருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பரந்தூர் வரை மெட்ரோவை நீட்டும் திட்டத்தில், சுங்குவார்சத்திரம் வரையிலான முதல் பகுதிக்கு 2025இல் மாநில அரசு கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. ஏறத்தாழ 28 கிலோமீட்டர், 14 நிலையங்கள். வரைபடம் காகிதத்தில் இருக்கும்போதே பேசி முடிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ரயில் பெட்டிக்கும் நடைமேடைக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் அது.

அதைச் சிறிய விஷயம் என்று தள்ளிவிட முடியாது. 2014 ஜனவரியில் மும்பை காட்கோபர் நிலையத்தில் ஒரு மாணவி ரயிலுக்கும் நடைமேடைக்கும் இடையில் விழுந்து இரண்டு கைகளையும் இழந்தார். அதன்பின் பம்பாய் உயர் நீதிமன்றம் தலையிட்டது. மும்பைப் புறநகர் நடைமேடைகள் 900 மில்லிமீட்டருக்கு மேல் இருக்குமாறு உயர்த்தப்பட்டன. ஒருவருக்கு நேர்ந்த துயரத்திற்குப் பிறகே அந்த வேலை வேகம் பிடித்தது.

இரு தரப்பு நியாயத்தையும் பார்ப்போம். பொறியாளர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஓடும் ரயில் இருபுறமும் அசையும். நடைமேடையை ஒட்டியே கட்டினால் பெட்டி உரசிவிடும். சக்கரம் தேயத் தேயப் பெட்டியின் தளம் தாழும். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி இட்டுக் கெட்டிப்படுத்தும் ஒவ்வொரு முறையும் தண்டவாளம் சற்று உயர, நடைமேடை அதற்கேற்பத் தாழ்ந்துபோகும். இந்திய ரயில்வேயில் உயர்மட்ட நடைமேடைக்கு 760 முதல் 840 மில்லிமீட்டர் என்று அளவு வகுத்திருக்கிறார்கள். பெட்டியின் தளம் அதைவிட உயரத்தில் இருக்கிறது. செங்கல்பட்டுத் தடம் போல விரைவு ரயிலும் சரக்கு ரயிலும் ஓடும் பாதைகளில், மின்சார ரயிலுக்கு மட்டும் பொருந்துமாறு நடைமேடையை மாற்றிவிடவும் முடியாது.

பயணிகள் சொல்வதிலும் நியாயம் குறைவில்லை. இரவு ஷிப்ட் முடித்துத் தூக்கக் கண்ணோடு இறங்குபவர், கைக்குழந்தையோடு ஏறும் தாய், சக்கர நாற்காலியில் வருபவர், வெள்ளைக்கோல் ஊன்றி நடப்பவர் ஆகியோரிடம் தொழில்நுட்பக் காரணங்களைச் சொல்லி என்ன பயன்? போக்குவரத்து வசதிகள் மாற்றுத்திறனாளிகள் அணுகத் தக்கவையாக இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே கூறுகிறது.

இவ்விரு தரப்புக்கும் விடை தேட உலக அனுபவம் உதவும். லண்டன் சுரங்க ரயிலில் 1960களின் இறுதியிலிருந்தே இடைவெளியைக் கவனிக்கச் சொல்லும் அறிவிப்பு ஒலிக்கிறது. அங்கே பேங்க் நிலையத்தின் ‘சென்ட்ரல்’ தடத்தில் நடைமேடை வளைந்திருக்கிறது; நீண்ட நேரான பெட்டி வளைவில் நின்றால் நடுவிலோ முனையிலோ இடைவெளி அகன்றே தீரும். ஒரு நூற்றாண்டுக்கு முன் வெட்டிய சுரங்கத்தை இனி நிமிர்த்த வழியில்லாததால் எச்சரிக்கையே மிச்சமாகிவிட்டது. சிங்கப்பூரில் அந்த எச்சரிக்கை தமிழிலும் ஒலிக்கிறது. அத்தோடு நில்லாமல் தரைமேல் நிலையங்களுக்கும் தடுப்புக் கதவுகளைப் பொருத்தினார்கள். சென்னை மெட்ரோவின் சுரங்க நிலையங்களில் முழு உயரத் தடுப்புக் கதவுகள் தொடக்கம் முதலே இருக்கின்றன. நடைமேடையும் பெட்டித் தளமும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கின்றன. ஆக, முதலிலேயே திட்டமிட்டால் இடைவெளியைப் பெருமளவு சுருக்கலாம். கட்டி முடித்தபின் சரிசெய்வது செலவும் சிரமமும் மிகுந்தது.

கட்டுமானம் மட்டும் போதாது. நெரிசல் சேர்ந்தால் சிறிய இடைவெளியும் ஆபத்தாகும். 2018 ஜூலை 24 அன்று கடற்கரையிலிருந்து திருமால்பூருக்குச் சென்ற ரயிலின் படியில் தொங்கியவர்கள் பரங்கிமலை நிலையத்தில் சுவரில் மோதி உயிரிழந்தார்கள். அது வேறு வகை விபத்துதான். ஆயினும் உள்ளே இடமின்றி வாசலில் திரளும் கூட்டம் எதில் முடியும் என்பதை அது காட்டிவிட்டது. நமது வட்டாரத்தில் பல ஆலைகளின் ஷிப்ட் ஒரே நேரத்தில் மாறினால், நாளைய மெட்ரோ நிலையத்திலும் அந்தக் கூட்டத்தை எதிர்பார்க்கலாம்.

பொறுப்பு யாருக்கு என்பதில் சட்டம் ஒரு நடுவழியைக் கண்டிருக்கிறது. படியில் தொங்கிப் பயணம் செய்வதை ரயில்வே சட்டத்தின் 156ஆம் பிரிவு குற்றமாக்குகிறது. அதே சட்டத்தின் 124-ஏ பிரிவு, ரயிலிலிருந்து தவறி விழுந்த பயணிக்கு யார் தவறு என்று பாராமல் இழப்பீடு தருகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் விழுவதும் அதில் அடங்கும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பயணிக்கு ஒழுங்கு வேண்டும், நிர்வாகத்துக்குப் பொறுப்பு வேண்டும் என்பதே இதன் சாரம்.

அந்தச் சாரத்தை நமது ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். மெட்ரோ நிறுவனம் இயன்றவரை நேரான தடத்திலேயே நிலையங்களை அமைக்க வேண்டும். தடுப்புக் கதவுகளைச் செலவுக் குறைப்புக்காகக் கைவிடக் கூடாது. நேரான தடத்துக்குக் கூடுதல் நிலம் தேவைப்படலாம். நிலம் தருவோருக்கு உரிய விலையும் உரிய நேரத்தில் பேச்சும் கிடைக்க வேண்டும். தெற்கு ரயில்வே, சிங்கப்பெருமாள் கோயில் போன்ற நிலையங்களில் நடைமேடை உயரத்தை ஒவ்வொரு பராமரிப்புப் பணிக்குப் பின்னும் அளந்து சரிசெய்யலாம். ஆலை நிர்வாகங்கள், தொழிற்பூங்காக்களை நடத்தும் அரசு நிறுவனமான சிப்காட் மூலம் கூடிப் பேசி ஷிப்ட் நேரங்களைக் கால் மணி, அரை மணி தள்ளி வைத்தால் நெரிசல் தானே பிரியும்; உற்பத்தியும் பெரிதாகப் பாதிக்காது. ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்து இங்கே உழைப்பவர்களுக்குப் புரியும் மொழிகளிலும் அறிவிப்புகள் வேண்டும்.

பயணிகளான நமக்கும் பங்கு உண்டு. இறங்குபவர்களுக்கு முதலில் வழிவிடுவது, கதவு மூடும் நேரத்தில் பாயாமல் இருப்பது, கைப்பிடி தேடித் தடுமாறுபவருக்குக் கை கொடுப்பது ஆகியவற்றுக்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

திட்டம் இன்னும் தூணாக எழவில்லை. எனவே ஆலை நிர்வாகங்கள், தொழிற்சங்கங்கள், மாற்றுத்திறனாளி அமைப்புகள், உள்ளாட்சிப் பிரதிநிதிகள் ஆகியோரை மெட்ரோ நிறுவனம் ஒரே மேசைக்கு அழைக்கட்டும். அழைப்பு வந்தால் அனைவரும் தவறாமல் செல்வோம். கான்கிரீட் இறுகுமுன் கேட்கும் யோசனைக்குச் செலவு மிகக் குறைவு.