புற்றுநோயின் வகையையும் கேட்டறியுங்கள்

கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று அறிந்தவுடன் நோயாளியும் குடும்பத்தாரும் எங்களிடம் முதலில் கேட்பது, "எந்த ஸ்டேஜ், டாக்டர்?" என்பதே. அக்கேள்வி இன்றியமையாதது. அதனுடன் "எந்த வகை?" என்றும் கேட்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. சிலருக்குச் சிகிச்சையின் போக்கையே அவ்விடை மாற்றிவிடுகிறது.

கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் மிகப் பெரும்பாலானவை ஸ்குவாமஸ் அல்லது அடினோகார்சினோமா வகையைச் சேர்ந்தவை. நூற்றுக்கு ஓரிருவரிடம் மட்டும் 'ஸ்மால் செல் நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா' என்னும் அரிய வகை காணப்படுகிறது. கட்டி சிறிதாக இருக்கும்போதே இது இரத்தத்தின் வழியே நுரையீரல், கல்லீரல், எலும்பு ஆகியவற்றுக்குப் பரவக்கூடும். பாப் ஸ்மியர் பரிசோதனையில் இது எளிதில் பிடிபடுவதுமில்லை. முன்னரே கவனித்திருக்கலாமே என்று நோயாளி தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை.

பொதுவான வகைகளில், ஆரம்ப நிலையில் அறுவை சிகிச்சை மட்டுமே பலருக்குப் போதுமானதாகிறது. இவ்வரிய வகையில் கட்டி முழுவதும் அகற்றப்பட்ட பின்னரும் கீமோதெரபி தேவைப்படுகிறது. சிஸ்பிளாட்டின், எட்டோபோசைடு ஆகிய மருந்துகள் பெரும்பாலும் அளிக்கப்படுகின்றன. நோய் அருகிலுள்ள பகுதிகளுக்குப் பரவியிருந்தால் கதிர்வீச்சும் சேர்க்கப்படும். "கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, இன்னும் ஊசி எதற்கு?" என்று குடும்பத்தார் கேட்பதுண்டு. கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் புலப்படாமல் உடலில் பரவியிருக்கக்கூடிய செல்களை அழிப்பதே அதன் நோக்கம்.

இவ்வகையில் எல்லா நிலைகளையும் சேர்த்துப் பார்த்தால், ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்வோர் ஏறத்தாழ மூவரில் ஒருவர். இதனை நாங்கள் மறைப்பதில்லை. ஆயினும் இது பல ஆண்டுகளில், பல மருத்துவமனைகளில், வெவ்வேறு முறைகளில் சிகிச்சை பெற்ற சிறு சிறு குழுக்களிலிருந்து திரட்டப்பட்ட கணக்கு. ஆரம்ப நிலையில் கண்டறியப்பட்டோரும், உடலெங்கும் பரவிய பின் வந்தோரும் அதில் ஒன்றாகக் கலந்துள்ளனர். முன்னவர்களின் நிலை இக்கணக்கைவிட மேலானது. ஆதலால், இணையத்தில் காணும் ஒற்றை எண்ணைக் கொண்டு சிகிச்சையைக் கைவிடுவது தவறு. பொதுவான வகைக்குரிய நல்ல எண்ணைக் கண்டு சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் தவறு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் இவ்வகை நோயாளிகளுக்கெனத் தனிப் பதிவேட்டைப் பேணி வருகிறது. அரிய நோய்களில் தெளிவான அறிவு இவ்வாறே சிறுகச் சிறுகச் சேர்கிறது.

இதனால் உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள்.

முதலாவது, வேறிடத்தில் பயாப்சி செய்திருந்தால் அறிக்கையுடன் ஸ்லைடுகளையும், திசு பதிக்கப்பட்ட மெழுகு பிளாக்கையும் பெற்று வாருங்கள். சினாப்டோபைசின், குரோமோகிரானின் போன்ற சிறப்புச் சோதனைகள் செய்து வகையை உறுதிப்படுத்த அவை தேவை. அதற்குச் சில நாள்கள் ஆகலாம். தவறான சிகிச்சையைத் தொடங்கிப் பின்னர் மாற்றுவதைவிட அக்காத்திருப்பு மேலானது.

இரண்டாவது, நோயின் பெயரை நோயாளியிடம் மறைக்காதீர்கள். "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், டாக்டர்" என்று மகனோ மகளோ கேட்பது அன்பினால்தான் என்பதை நாங்கள் அறிவோம். ஆனால் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை ஊசி, முடி உதிர்தல், குமட்டல், சோர்வு ஆகியவற்றையெல்லாம் தாங்குபவர் அவரே. காரணம் அறியாதவர், "போதும், வீட்டுக்குப் போகலாம்" என்று பாதியில் நிறுத்திவிடக்கூடும். இருமல், எலும்பு வலி போன்ற புதிய தொல்லைகளையும் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவார். எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை அவரிடமே கேட்டு, அவருக்கு ஏற்ற அளவில் சொல்ல நாங்கள் உதவுகிறோம்.

அடுத்த முறை வரும்போது அறிக்கையை எடுத்து வாருங்கள். வகை என்ன, நிலை என்ன, இச்சிகிச்சையின் நோக்கம் நோயைக் குணப்படுத்துவதா, கட்டுக்குள் வைப்பதா என்ற மூன்றையும் தயங்காமல் கேளுங்கள். நோயாளியும் உடனிருந்து கேட்கட்டும்.