செயலி ‘நார்மல்’ என்கிறது

சிறுநீரில் ஒரு சோதனைப் பட்டையை நனைக்க வேண்டும். வண்ணக் கட்டங்கள் அச்சிட்ட அட்டையின் மேல் அதை வைத்து, செல்பேசி கேமராவால் படம் எடுக்க வேண்டும். பட்டையின் நிறமாற்றத்தை அளந்து, சிறுநீரில் அல்புமின் என்கிற புரதம் எவ்வளவு கசிகிறது என்று செயலி சில நிமிடங்களில் சொல்லிவிடும். ஹெல்தி.ஐஓ நிறுவனத்தின் இந்த வீட்டுச் சோதனைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022இல் ஒப்புதல் அளித்தது. இங்கிலாந்தில் அரசு மருத்துவ சேவையே இந்தச் சோதனைப் பெட்டியை நீரிழிவு நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பியது.

நல்ல கருவிதான். சிறுநீரக நோய் முற்றும்வரை வலிக்காது. தெரியவரும்போது பலருக்கு டயாலிசிஸ் ஒன்றே மிச்சம். ஒருநாள் கூலியை இழந்து, பேருந்து ஏறி, ஆய்வக வரிசையில் நிற்கும் அலைச்சலை இது மிச்சப்படுத்தும். அறிவியலை நாம் வரவேற்கிறோம்.

ஆனால், யாருடைய சிறுநீரகத்தை மனதில் வைத்துச் செய்த கருவி இது?

தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2023இல் வெளியானது. அவர்களில் பெரும்பாலோர் பாதுகாப்பான வரம்பை மீறிய வெப்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சுமார் 7 விழுக்காட்டினருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. உப்பளத்தில் நிழல் கிடையாது. பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. ஒதுங்க இடமில்லை என்பதாலேயே தண்ணீர் குடிக்காமல் தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள்.

சிக்கல் இங்கேதான். நீரிழிவு நோய் முதலில் சிறுநீரகத்தின் வடிகட்டியைக் கெடுக்கிறது. அதனால் அல்புமின் கசிகிறது. வெப்பமும் நீரிழப்பும் தாக்குவது பெரும்பாலும் வடிகட்டிக்கு அடுத்துள்ள நுண்குழாய்களை. அங்கே பாதிப்பு வளர்ந்த பிறகும் அல்புமின் அதிகம் கசியாமல் இருக்கலாம். நிகராகுவா, எல் சல்வடோர் நாடுகளின் கரும்பு வெட்டும் தொழிலாளர்களிடம் இதைத்தான் மருத்துவர்கள் கண்டார்கள். ஆக, சிறுநீரகம் பாதி பழுதான உப்பளத் தொழிலாளிக்கும் செயலி ‘நார்மல்’ என்று சொல்லக்கூடும். அவருக்குத் தேவை ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கும் சோதனை. அதைச் செல்பேசிப் படம் தந்துவிடாது.

குளிரூட்டிய அறையில் இருப்பவரின் நோய்க்குக் கருவி வந்துவிட்டது. வெயிலில் நிற்பவரின் நோய் அந்தக் கருவியின் கண்ணுக்கே படவில்லை. வெயிலில் நிற்கும் உழைப்பை எந்தச் சாதிகளின் தலையில் இந்தச் சமூகம் கட்டியது என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. பொதுக்குளத்து நீரை அள்ளிக் குடிக்க 1927இல் மகாடில் அம்பேத்கர் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. இன்று தண்ணீர் கையருகே இருந்தும் குடிக்க முடியாத நிலையில் ஒரு பெண் வேலை செய்கிறார் என்றால், அதுவும் தண்ணீர் உரிமைப் பிரச்சினைதான்.

என்ன செய்யலாம்? 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். இத்தகைய சோதனையை அவர்கள் கையில் கொடுக்கலாம். உப்பளம், செங்கல் சூளை, வயல்வெளித் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது கிரியாட்டினின் சோதனையும் சேர வேண்டும். முடிவுகள் முதலாளியின் கைக்குப் போகக் கூடாது. நோயாளி என்று தெரிந்தால் மறுநாள் வேலை இருக்காது.

சோதனை நோயைச் சொல்லும், தடுக்காது. நிகராகுவாவின் கரும்புத் தோட்டத்தில் தண்ணீர், நிழல், கட்டாய ஓய்வு மூன்றையும் முறையாகக் கொடுத்தபோது சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. அதற்குச் செயலி தேவைப்படவில்லை. ஒரு கூரை, ஒரு குடம் தண்ணீர், தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை, கூலி பிடிக்காத ஓய்வு. புதிய கருவியைக் கேட்கும் அதே குரலில் இவற்றையும் கேட்போம்.