நம்மவர் நவீனம் எங்கே?

“ஹஜ்ரத், சரித்திரக் காதல் நவீனம் ஒன்று வேண்டும், நம்மவர் எழுதியதாக இருக்க வேண்டும்” என்று கோவை கோட்டைமேட்டு மாணவி ஒருத்தி கேட்டாள். கடைகளில் கல்கி கிடைத்தார், சாண்டில்யன் கிடைத்தார். நம்மவர் எவரும் கிடைத்திலர்.

நம்மவர் எழுதவில்லையா? தமிழின் முதல் நாவல் வெளிவந்தது 1879இல். ஆறே ஆண்டுகளில், 1885இல், எகிப்தில் பிறந்த நாயகனை வைத்து ‘அசன்பே சரித்திரம்’ படைத்தார் கண்டி சித்திலெப்பை. 1938இல் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அரசகுலக் கதையாகக் ‘காதலா? கடமையா?’ தந்தார், உ.வே. சாமிநாதையரே அதனைப் பாராட்டி எழுதினார்.

“காதற்கதை ஆகாது” எனப் புருவம் நெரிக்கும் பெரியோரே! யூசுப் நபி மீது அஜீஸின் மனைவி கொண்ட வேட்கையைத் திருமறை மறைத்ததா? அவ்வரலாற்றை அழகியதென்றன்றோ போற்றுகிறது!

குற்றம் பிறருடையதன்று. வலீமா விருந்துக்கு இலட்சங்களை இறைக்கும் நாம், நூலுக்கு நூறு ரூபாய் தர மனம் வராமல் நிற்கிறோம். 1791இல் திப்புவின் படை முற்றுகையிட்ட கோட்டையின் பெயர் நம் தெருவில் இன்றும் வாழ்கிறது. அதன் கதையை நம் பிள்ளைகள் எழுத வேண்டாமா? முன்னோர் நூல்களைப் படியாதவர் எங்ஙனம் எழுதுவர்? ஜமாஅத்துக்கு ஓர் அலமாரியேனும் வையுங்கள். அதன் முதல் தட்டில் ஜுனைதா பேகம் இருக்கட்டும்!